தராசு முள் நகராத இரண்டு மாதம்

திருவண்ணாமலை மாவட்ட வாசகி ஒருவரின் கேள்வி இந்த முறை பயிரைப் பற்றியதல்ல. அவருக்கு வயது 46. பொங்கல் சமயத்தில் எடை 74 கிலோ. சர்க்கரை நோய் வரும் எல்லையில் இருப்பதாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். உடனே இரவுச் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் களிக்கு மாறினார். காலையில் ஏரிக்கரை வரை நடக்கவும் ஆரம்பித்தார். முதல் மாதமே 3 கிலோ இறங்கியது. பங்குனி முடிவில் 70 கிலோ. அதன்பிறகு சித்திரையிலும் வைகாசியிலும் அதே 70. "களி தின்னு என்னத்தக் கண்ட?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறாராம். இனியும் தொடர்வதில் பலன் உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. ஏற்கெனவே பலன் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். 74-ல் 4 கிலோ என்பது 5 சதவீதத்துக்கு மேல். அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

முதல் மாத வேகம்தான் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. 20 சதவீத ஈரத்தோடு அறுத்த 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோதான் நிற்கும். போன 7 கிலோவும் தண்ணீர், நெல் அல்ல. உணவைக் குறைத்ததும் உடம்பிலும் முதலில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீரே. கொழுப்பு அத்தனை சுலபமாகக் கரையாது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 70 கிராம் அரிசிச் சோற்றைக் குறைத்தால் மிச்சமாவது சுமார் 250 கலோரி. அந்தக் கணக்கில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஒரு மாதம் பிடிக்கும். எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறைவதால் போகப் போக இன்னும் மெதுவாகும்.

ஆனால் இரண்டு மாதமாக அப்படியே நிற்பதற்கு வேறு காரணமும் இருக்க வேண்டும். அது வாசகியின் கடிதத்திலேயே இருக்கிறது. பங்குனியில் வேர்க்கடலை அறுவடை முடிந்து, இப்போது வீட்டில் உட்கார்ந்து விதைக்குக் கடலை உடைப்பதாக எழுதியிருக்கிறார். வயல் நடை நின்றது ஒன்று. கடலை உடைக்கும் கை வாய்க்குப் போகாமல் இருக்காது என்பது மற்றொன்று. 100 கிராம் பருப்பில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. பேச்சோடு பேச்சாக மூன்று கைப்பிடி உள்ளே போனால், இரவில் சோற்றை விட்டதெல்லாம் வீண். கடலை நல்ல உணவுதான். ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, மாலைப் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிடலாம்.

களியிலும் ஒரு சங்கதி உண்டு. சிறுதானியம் என்றால் எடை குறைந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320. பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து அதிகம் என்பதால் கேழ்வரகு நல்லது. களிதானே என்று இரண்டு உருண்டை போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஒரு உருண்டையும், அதற்குச் சரியாகக் கீரையும் பருப்பும் இருக்க வேண்டும். உளுந்தையும் துவரையையும் மண்டிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ரசத்தோடு முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. பருப்பும் முட்டையும் குறைந்தால் எடையோடு சதையும் கரையும்.

எடை பார்க்கும் விதமும் முக்கியம். வாசகி கமிஷன் மண்டியின் மூட்டைத் தராசில், போகும்போதெல்லாம் ஏறி நிற்கிறாராம். முதல் நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, ஒரு கிலோ கூடுதலாகக் காட்டலாம். அதைப் பார்த்து மனம் உடைவதில் அர்த்தமில்லை. 15 நாளுக்கு ஒரு முறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். கூடவே தையல் டேப் ஒன்று வேண்டும். விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளந்து, காலண்டரில் குறித்துவைக்கலாம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும். கேலி செய்பவரையும் அதே டேப்பால் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

தராசு நகராவிட்டாலும் தொடர வேண்டும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த, அதாவது இந்த வாசகியைப் போன்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசு காட்டாத வேலை உள்ளே நடந்திருக்கிறது.

ஆனியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை பற்றிக் கேட்கலாம். தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் அப்போதே மருத்துவரிடம் விசாரித்துவிடலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ஊருக்கு வரும்போது ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், இந்த வாசகியைப் பார்த்து மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.