வாழையை யார் எண்ணுவது?

வனஉயிரியல் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் நான் அதிகம் பழகியது யானைச் சாணத்தோடுதான். விடிந்தும் விடியாமலும் கோவைக்கு மேற்கே மலையடிவாரக் காட்டில் நேர்கோட்டுப் பாதையில் நடப்போம். கண்ணில் படும் ஒவ்வொரு சாணக் குவியலுக்கும் பாதைக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து குறிப்போம். யானை நாளுக்கு எத்தனை முறை சாணம் போடும், அது மக்க எத்தனை நாளாகும் என்று தெரிந்தால் யானைகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டுவிடலாம். நல்ல முறைதான், குறை சொல்லமாட்டேன்.

எங்களுக்கு டேப் பிடிக்க வந்தவர் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர். ஒருநாள் ஒரு குவியலைக் குச்சியால் கிளறி, "இது ராத்திரி தோட்டத்துக்குப் போயிட்டு வந்திருக்குது அம்மிணி" என்றார். உள்ளே வாழை நார். பத்தடி தள்ளிக் கிடந்ததில் மூங்கில் சக்கை. என் நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி ஒவ்வொரு கோடு.

அந்தத் தோட்டக்காரரிடமும் அவரே கூட்டிப்போனார். சாய்ந்து கிடந்த வாழைகளுக்கு நடுவே நின்றவர் கேட்டார்: "ஆனையை எண்ணிப்போட்டீங்க, சரிங்க. எங்க வாழைய யாருங்க எண்ணுவாங்க?" இழப்பீட்டு மனுவை எடுத்து நீட்டினார். அதை நிரப்பித் தரக்கூட எனக்குத் தெரியவில்லை. புள்ளியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன், அது வேறு விஷயம்!

எண்ணுவதில் நாம் தேறிவிட்டோம். தமிழகத்தில் 2023 கணக்கெடுப்பில் 2,961 யானைகள், அடுத்த ஆண்டு 3,063. ஆனால் வனஉயிர் மேலாண்மை என்று பட்டம் கொடுக்கிறோமே, அந்த மேலாண்மையில் பாதி காட்டுக்கு வெளியே, மின்வேலிக்கும் வாழைக்கும் நடுவில் நடக்கிறது. அதனால் ஒரு பருவம் முழுவதும் மாணவர்கள் காட்டோர ஊரில் தங்கிப் படிக்க வேண்டும் என்கிறேன். ஒருநாள் சுற்றுலா போதாது.

அங்கே பாடம் எடுக்க ஆளா இல்லை? மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் பாம்புபிடி வல்லுநர்களை மலைப்பாம்பு பிடிக்க 2017-இல் ஃபுளோரிடாவுக்கே வரவழைத்தது அங்குள்ள பல்கலைக்கழகம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் படித்த வகுப்பில் ஒரு இருளர்கூடப் பாடம் எடுத்ததில்லை. பட்டம் இல்லை என்று இனிச் சாக்குச் சொல்லவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் பதவிக்குப் பட்டம் கட்டாயமில்லை, 15 ஆண்டு அனுபவம் வேண்டும். கம்பெனி அதிகாரிகளை மனதில் வைத்து எழுதிய விதியாகவே படுகிறது. இருக்கட்டும், காட்டில் முப்பது ஆண்டு நடந்தவருக்கும் அதே கதவைத் திறந்துவிடுங்கள்.

எனக்குச் சாணத்தைப் படிக்கச் சொல்லித்தந்தவர் அன்று வாங்கியது தினக்கூலி. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் கடைசி வரியில் இருக்கிறது, ஓட்டுநரின் பெயருக்கும் கீழே.