கட்டிலில் வைத்துக் கையொப்பம் வாங்க விடாதீர்கள்

வீதி விபத்தில் அடிபட்ட தொழிலாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே ஒருவர் கடதாசியோடு வந்துவிடுகிறார். “பொலிஸ், கோடு என்று அலைந்தால் வருடக்கணக்காகும். இந்தக் காசை வைத்துக்கொண்டு சமாதானமாகப் போங்கள்” என்கிறார். வலியிலும் செலவுப் பயத்திலும் நம்மவர்கள் கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். “இனி நட்டஈடு கேட்கமாட்டேன்” என்று அதில் எழுதியிருப்பது பிறகுதான் தெரியவருகிறது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். எனவே நட்டஈடு கேட்பது பிச்சை கேட்பதல்ல. வேலையில் அடிபட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் இருக்கிறது. 2022இல் செய்த திருத்தத்தால், வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேர்ந்திருக்கிறது.

அடுத்த தகராறு தொகையில் வருகிறது. வேலைக்குப் போகாத நாட்களை மட்டும் கணக்கிட்டு, “நாட்சம்பளக்காரருக்கு இவ்வளவுதான்” என்று முடிக்கப் பார்க்கிறார்கள். கொழுந்து மலை தெரிந்தவர்கள் இதை ஏற்க முடியாது. தோள் முறிந்த பெண் மூன்று மாதத்தில் மலைக்குத் திரும்பலாம். ஆனால் பழைய கிலோ எடுக்க அவரால் முடியாது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசும் போய்விடும். வேலைக்குப் போகிறார் என்பதற்காக அவருக்கு இழப்பில்லை என்று சொல்லலாமா?

இந்த இழப்பை வாய்ப்பேச்சால் நிரூபிக்க முடியாது. விபத்துக்கு முந்திய, பிந்திய சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். செக்ரோல் பதிவு, சேமலாப நிதிக் கணக்கு, ஆஸ்பத்திரித் துண்டுகள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழும் அரச கரும மொழிதான். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் வேண்டாம். வழக்குப் போடக் காலக்கெடு 2 வருடம். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று கம்பனி இழுத்தடிக்கும்போதும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அரைப்பேர் போட்டால் துரையிடம் போய் நிற்கும் தோட்டக் கமிட்டி, விபத்தை அந்தந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது. சமாதானம் பேச ஆள் வந்தால், தலைவரோ மாதர் தலைவியோ பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாகக் கிடப்பவரிடம்தான் காயத்துக்கு மலிவாக விலை பேசுகிறார்கள். நாம் யாரையும் தனியாக விடக் கூடாது.