கல்லைக் கொட்டியது போதும், மணலுக்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை ஓயும்போதெல்லாம் நாளிதழ்களில் ஒரே செய்தி வருகிறது. வடசென்னையிலோ திருவள்ளூர் மாவட்டத்திலோ ஒரு மீனவர் குப்பத்தைக் கடல் அரித்துவிட்டது. மக்கள் சாலை மறியல் செய்தார்கள். அதிகாரிகள் வந்து சமாதானம் பேசினார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு அமைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. சில ஆண்டுகள் போனால், அந்தத் தூண்டில் வளைவுக்கு வடக்கே உள்ள அடுத்த ஊரிலிருந்து அதே செய்தி. எத்தனை ஆட்சிகள் மாறினாலும் இந்த ஒரு பழக்கம் மாறவில்லை. அதைக் கண்டித்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆழ்வார்பேட்டையில் குடியிருப்பவருக்கு எண்ணூர்க் கரையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கவலைப்பட வேண்டிய முதல் ஆட்களே நாங்கள்தான். எங்கள் பகுதியினரும் மயிலாப்பூர்க்காரர்களும் காலையில் காற்று வாங்கப் போகும் மெரினாவின் மணலில் பெரும்பகுதி, தடையில்லாமல் விட்டிருந்தால் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கு, தென்கிழக்குப் பக்கமிருந்து கரையைச் சாய்வாக வந்து அடிக்கின்றன. அலை ஏறும்போது மணலும் சாய்வாக மேலேறுகிறது. இறங்கும்போது நேராகச் சரிவில் இறங்குகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டு போகிறது. வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த ஓட்டம் தெற்கே திரும்பும். ஆனால் ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால், பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. கடல் ஏறி இறங்கும் ஓதத்துக்கு இதில் பங்கு குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. சென்னையில் ஒரு மீட்டர் அளவுதான். ஆற்று முகத்துவாரம் அடைபடாமல் இருக்க அது உதவும். கரையை வனைவது அலைதான்.

இந்த மணலின் பாதையில்தான் 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. அப்படித் தேங்கித் தேங்கி உருவானதே இன்றைய அகன்ற மெரினா. விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், கப்பலில் வந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்டது. அன்று அலை அதற்கு வெகு அருகில் இருந்தது. இன்று அதன் வாசலிலிருந்து நீரைத் தொட, சாலையையும் கடந்து நெடுந்தூரம் மணலில் நடக்க வேண்டும். துறைமுகத்தையும் மணல் விட்டுவைக்கவில்லை. கிழக்கு நோக்கி இருந்த நுழைவாயில் தூர்ந்துகொண்டே போனதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த காலத்தில், அதை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். ஆக, இந்த உண்மை அரசுக்குத் தெரிந்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. தெரியாமல் நடந்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு திருவொற்றியூர், எண்ணூர் என்று மேலே மேலே போனது. தெருக்கள், வீடுகள், வலை காய வைக்கவும் படகு ஏற்றவும் இருந்த மணல்வெளி எல்லாம் போயின. பதிலுக்குக் கிடைத்தவை கருங்கற்கள். கல் சுவர் பின்னாலிருக்கும் சாலையைக் காக்கும். முன்னாலிருக்கும் மணலைக் காக்காது. அதில் மோதித் திரும்பும் அலை, அடியிலுள்ள மணலையும் பறித்துக்கொண்டு போகும். தூண்டில் வளைவு தன் தெற்குப் பக்கம் கொஞ்சம் மணலைப் பிடித்துவைக்கும். அந்த அளவுக்கு வடக்கே உள்ள ஊர் மணலின்றிப் பட்டினி கிடக்கும்.

மெரினா பெருகுகிறதென்றால் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் ஏன் வீடுகள் இடிந்து விழுந்தன என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது அடையாற்றின் முகத்துவாரம். கோடையில் மணல்திட்டு வாயை அடைக்கும். மழை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக் கரை ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் நகர்வது இயல்பு. அங்கே வாழும் குடும்பங்களுக்குத் தேவை, அவர்கள் சம்மதத்தோடு, கடலை விட்டு அகலாமல் பாதுகாப்பான வீடு. கல்லைக் கொட்டி அவர்களைச் சமாளிப்பது அநியாயம்.

தூண்டில் வளைவு கேட்கும் மீனவர்கள் மீது எனக்குத் துளியும் குறையில்லை. வாசற்படியில் அலை அடிக்கும்போது கையில் கிடைப்பதைத்தான் யாரும் கேட்பார்கள். அவர்கள் முன்னால் வேறு வழியை வைக்காத அரசைத்தான் குறை சொல்கிறேன். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆய்வு மையம், தமிழகக் கரையில் சுமார் 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. நாட்டின் சராசரி 34 விழுக்காடுதான். அந்த மையம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் புதிய தூண்டில் வளைவுகள் கூடாது என்று 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சொல்லிவிட்டது. அதன் பிறகும் ஊருக்கு ஒரு வளைவு என்ற அறிவிப்புகள் நின்றபாடில்லை.

இத்தனைக்கும் மேலே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தலைக்கு மேல் தொங்குகிறது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. பிறகு அதையொட்டிக் காட்டுப்பள்ளி வந்தது. காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்க வேண்டுமாம். அதில் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அடக்கம். 2021-லும் 2023-லும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிப்போனாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. அங்கிருந்து பழவேற்காடு வரை கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய மணல் வரப்பு. அதற்கு வர வேண்டிய மணலையும் மறித்தால் பழவேற்காட்டு மீனவர் எங்கே போவார்கள்?

மாற்று வழி கற்பனையில் இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் சேரும் மணலைத் தூர்வாரி நகரின் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு மாநிலங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு, 2001 முதல் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே வடக்குக் கரைக்கு இறைக்கின்றன. புதுச்சேரி நமக்கு இரண்டு பாடங்களைச் சொல்லித் தருகிறது. 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தில் சேரும் மணலை வடக்கே அனுப்ப வேண்டும் என்பது தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்தது. அதை ஒழுங்காகச் செய்யாததால் நகரக் கடற்கரை மறைந்தது. அரிப்பு வடக்கே தமிழகத்தின் பொம்மையார்பாளையம் வரை ஏறியது. பிறகு பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த, நீருக்குள் மூழ்கியிருக்கும் தடுப்பு வந்த பின்னரே, காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பியது.

மெரினாவில் நீலக்கொடிச் சான்றிதழுக்காக மூங்கில் குடைகள் நடும் ஆர்வத்தில் பாதியாவது இதில் காட்டுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே ஆண்டுக்கு எவ்வளவு மணல் சேர்கிறது, தூர்வாரும் மணல் எங்கே கொட்டப்படுகிறது என்ற கணக்கை வெளியிடுங்கள். அந்த மணலைத் தனியாருக்கு விற்காமல் வடக்குக் கரைக்கு அனுப்பும் செலவைத் துறைமுகங்களின் வருமானத்திலிருந்து எடுங்கள். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை அடியோடு கைவிடுங்கள். காட்டுப்பள்ளிக்கு மீண்டும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு வாசகர்கள் பழவேற்காட்டு மீனவர்களோடு போய் நின்று ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆழ்வார்பேட்டை, சென்னை-18