வாரத்தில் ஒரு நாள், கடைசி இரண்டு பாடவேளை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது அதில் உள்ள விதி. பாடம் தயாரிக்கும் நேரமும் அந்த 45 மணிக்குள் அடக்கம் என்று அதே வரி சொல்கிறது. இந்தப் பிற்பாதியைப் பள்ளி நிர்வாகமோ பெற்றோரோ பேசி நான் கேட்டதில்லை. பாடத்தைத் திட்டமிடுவது ஆசிரியரின் விருப்பம் சார்ந்த கூடுதல் உழைப்பு அல்ல, சம்பளத்துக்குரிய வேலை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நம் பள்ளிகளின் கால அட்டவணை மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை. வாரத்தில் ஒரு நாள் வகுப்புகளை இரண்டு பாடவேளை முன்னதாக முடித்து, அந்த நேரத்தை ஆசிரியர்கள் கூடிப் பாடம் தயாரிப்பதற்கென்று ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் பல பள்ளி மாவட்டங்கள் இப்படித்தான் செய்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 60 பிள்ளைகள் வரை இருக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பது அதே சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். உயர்நிலைப் பள்ளியில் பாட ஆசிரியருக்கு ஓய்வுப் பாடவேளை என்று ஒன்றாவது உண்டு; சக ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அதுவும் பறிபோகும் என்பது வேறு விஷயம். ஈராசிரியர் பள்ளியில் அப்படி ஒன்று இருக்கவே வழியில்லை. காலை மணி அடித்ததிலிருந்து மாலை வரை பிள்ளைகள் கண்முன்னே இருப்பார்கள். இந்த நிலையில்தான் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. வகுப்பு எது என்று பார்க்காமல், பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்லும் திட்டம் அது. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளுக்கு மூன்று விதமான செயல்பாடுகளை ஒரே நேரத்தில் நடத்த வேண்டுமென்றால், யாருக்கு எதைக் கொடுப்பது, நேற்று எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். யோசிக்க நேரம் தராமல் அப்படிக் கற்பிக்கச் சொன்னால், ஆசிரியர் கையேட்டில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கத்தான் முடியும்.

படிப்பு நேரம் குறைந்துவிடுமே என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம்: சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கற்பித்தல் இவ்வளவுதான். நாளுக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்தால் ஐந்து மணி 20 நிமிடம் ஆகிறது. 210 நாள் மட்டுமே பள்ளி நடந்தாலும் 1,120 மணி நேரம். வாரம் 80 நிமிடம் வீதம் 42 வாரங்களுக்குக் கழித்தாலும் போவது 56 மணி நேரம். 1,064 மணி நேரம் மிஞ்சும். நடுநிலை வகுப்புகளுக்கான மணிக்கணக்கையே அது தாண்டிவிடுகிறது, தொடக்க வகுப்புகளுக்கோ தாராளமாகவே இருக்கிறது.

வகுப்பில் நிற்கும் நேரம் கூடினால் படிப்பும் கூடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. ஓ.இ.சி.டி. அமைப்பு 2018இல் நடத்திய ஆசிரியர் ஆய்வில், ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 18 மணி நேரம் கற்பிப்பதாகவும், அமெரிக்க ஆசிரியர் 28 மணி நேரம் கற்பிப்பதாகவும் தெரியவந்தது. அதிக நேரம் கற்பித்ததால் அமெரிக்கப் பிள்ளைகள் கணக்கில் ஜப்பானியப் பிள்ளைகளை முந்திவிடவில்லை. இதற்கு வேறு காரணங்களும் உண்டுதான். அதே ஆய்வின்படி ஜப்பானிய ஆசிரியர் மொத்தமாக வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார், மன்றப் பணிகளிலும் எழுத்து வேலையிலும் களைத்துப்போகிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த நாட்டை முழுக்க நகலெடுக்க வேண்டியதில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்த மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து விவாதித்துத் திருத்துவார்கள். அந்த நாள்களில் மற்ற வகுப்புப் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிடும் பள்ளிகளும் உண்டு.

பெற்றோரின் கவலை இதைவிட நியாயமானது. நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போன தாய் இரண்டரை மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார். கிராமத்துப் பேருந்து பள்ளி விடும் நேரத்துக்குத்தான் வரும். அதுவரை பெண்பிள்ளைகள் நிறுத்தத்தில் காத்துக் கிடக்க முடியாது. ஆகவே வகுப்பை முடிப்பதும் பிள்ளையை வெளியே அனுப்புவதும் ஒன்றாக இருக்கக் கூடாது. அந்த 80 நிமிடமும் பிள்ளைகள் பள்ளியிலேயே விளையாடலாம், நூலகப் புத்தகம் படிக்கலாம், படம் வரையலாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கென்று 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். இப்போதும் பணியில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்து இந்தப் பொறுப்பைத் தரலாம். அவர்கள் இல்லாத ஊர்களில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தந்த அனுபவம் கைகொடுக்கும். உள்ளூர்த் தன்னார்வலர்களை மதிப்பூதியத்தோடு பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க முடியும் என்று அரசு அதில் காட்டியிருக்கிறது. மதியச் சத்துணவு முடிந்த பிறகே வகுப்பு முடியும் என்பதால் யாருடைய தட்டும் காலியாகாது.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே விடுமுறை அதிகம், வீட்டில் தயாரித்துக்கொள்ளட்டுமே என்பாரும் உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெண்களே மிகுதி. வீடு திரும்பியதும் அவர்களுக்கு அடுப்படி வேலை காத்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை வீட்டில் தனியாகச் செய்ய முடியாது. மூன்றாம் வகுப்பில் கழித்தல் புரியாத பிள்ளையைப் பற்றி, இரண்டாம் வகுப்பில் அவனுக்குக் கற்பித்தவரிடம்தான் பேச வேண்டும்.

எனக்கு இருக்கும் அச்சம் வேறு. இந்த நேரத்தை ஒதுக்கினால், எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல், வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அரசாணையிலேயே இதைத் தெளிவாக எழுத வேண்டும்: அந்த 80 நிமிடத்தில் எந்தத் தகவலும் கேட்கக் கூடாது, எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கக் கூடாது, அதற்கென்று புதிதாக ஒரு பதிவேடும் தொடங்கக் கூடாது. ஈராசிரியர், ஓராசிரியர் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு குறுவள மைய அளவில் இணைக்கலாம். கூட்டம் நடக்கும் பள்ளி வாரந்தோறும் மாறலாம். எந்த நாள் என்பதை ஜூன் மாதத்திலேயே ஆண்டு முழுவதற்கும் அறிவித்துவிட்டால் பெற்றோரும் தயாராகிக்கொள்வார்கள். ஒரு வட்டாரத்தில் ஓராண்டு நடத்திப் பார்க்கப் பெரிய செலவும் இல்லை. வரும் கல்வியாண்டுக்கான நாள்காட்டியைத் தயாரிக்கும்போதே பள்ளிக் கல்வித் துறை இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.