செயினை ‘டைட்’ செய்தால் போதுமா? பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க மறக்கும் 500 கிலோமீட்டர் கணக்கு

"அண்ணா, செயின் லூஸா இருக்கு, சத்தம் வருது. கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க."

பைக் ஒர்க்‌ஷாப்புகளில் நாள் தவறாமல் கேட்கும் வாக்கியம் இது. மெக்கானிக்கும் மறுக்க மாட்டார். பின் சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஓரிரு சுற்று திருப்பி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்து, "போங்க தம்பி, சரியாயிடுச்சு" என்று அனுப்பிவிடுவார். சத்தமும் அப்போதைக்கு அடங்கிவிடும். ஐந்து நிமிட வேலை, காசும் பெரிதாக இல்லை. ஆனால், பல வண்டிகளில் செயினின் ஆயுளைக் குறைப்பதே இந்த ஐந்து நிமிட வேலைதான்.

இன்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும், டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் பைக் வைத்திருக்கும் பலருக்கும் அத்துப்படி. செயின் மட்டும் கத்தினால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இன்ஜினின் சக்தி பின் சக்கரத்துக்குப் போய்ச்சேர இருக்கும் ஒரே வழி அதுதான். ஓடும்போது அது அறுந்தால், வண்டி நிற்பதோடு விஷயம் முடியாமல் போகலாம். அறுந்த முனை முன் பல்சக்கரத்தில் சுருண்டு இன்ஜின் உறையை உடைக்கலாம். பின் சக்கரத்தில் சிக்கி அதை அப்படியே பூட்டிவிடவும் செய்யலாம். பைபாஸில் 80-இல் போகும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சர்வீஸுக்கும் சர்வீஸுக்கும் நடுவே

செயின் வெளியே தெரியும்படி இருக்கும் பைக்குகளின் மேனுவல், பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விடச் சொல்கிறது. மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே. தாம்பரத்தில் இருந்து சிறுசேரிக்குப் போய்வர தினமும் சுமார் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து வேலை நாட்களில் 500 தாண்டிவிடும். அந்த வண்டியை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விடுகிறார் என்றால், நடுவே ஒன்பது முறை எண்ணெய் விட வேண்டிய நேரம் வந்து, போயே போயிருக்கும். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டும் டெலிவரி ஊழியருக்கு இதே 500 நான்கைந்து நாட்களில் வந்துவிடும்.

ஆக, "சர்வீஸ்ல பாத்துப்பாங்க" என்று விடக்கூடிய பாகம் அல்ல செயின். எவ்வளவு நல்ல மெக்கானிக் கிடைத்தாலும் அவர் கண்ணில் அது படுவது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். அதைக் கவனிக்க வேண்டியவர் வண்டியை ஓட்டுபவர். சிக்கல் என்னவென்றால், இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் செயின் முழுவதும் ஒரு தகர உறைக்குள் இருக்கும். மண், மழைநீர் எளிதில் உள்ளே போகாது. விட்ட எண்ணெயும் சீக்கிரம் தெறித்துப் போகாது. உள்ளே பார்க்க ரப்பர் மூடி போட்ட ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அவ்வளவுதான். இளைஞர்கள் விரும்பி வாங்கும் 150 சிசி, 200 சிசி வண்டிகளில் அந்த உறை கிடையாது. மேலே மட்டும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. பின் சக்கரம் முழுதாகத் தெரிந்தால்தான் பார்க்க பைக் மாதிரி இருக்கும், சக்கரத்தைக் கழற்றுவதும் சுலபம் என்பதெல்லாம் சரி. ஆனால், அந்தத் தகரம் செய்துவந்த வேலை வாங்கியவர் தலையில் விழுந்துவிட்டது. ஷோரூமில் சாவி கொடுக்கும்போது மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள், செயினை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு நிமிடம் காட்டி அனுப்பலாம். பெரும்பாலும் அது நடப்பதில்லை. மேனுவலும் பாலிதீன் கவரோடு அப்படியே பீரோவுக்குள் போய்விடுகிறது.

இதில் இன்னொரு கூத்து, இருக்கும் கவரையும் சேலை கார்டையும் ஸ்டைலுக்காகக் கழற்றி வீசுவது. நம் ஊர் பைக்குகளில் செயின் பெரும்பாலும் இடது பக்கம். பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் கால்களும் அதே பக்கம்தான். பின்னால் அமர்பவரின் துணி சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. துப்பட்டா செயினில் மாட்ட ஒரு நொடி போதும்.

இரும்பு நீள்வதில்லை, தேய்கிறது

"செயின் நீண்டுபோச்சு" என்பார்கள். ரப்பர் மாதிரி இரும்பு இழுபட்டு நீள்கிறது என்ற எண்ணம் இதனால்தான் வருகிறது. உண்மையில் நடப்பது வேறு. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு குட்டி இரும்புத் தண்டு, அதைச் சுற்றி ஒரு குழாய் போன்ற புஷ், அதன்மேல் உருளும் ரோலர் என்று மூன்று இருக்கும். 1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான் இன்றைக்கும். தண்டும் புஷ்ஷும் உரசும் இடத்தில் எண்ணெய் வற்றி, மண் புகுந்தால், இரண்டும் தேயும். ஒரு மூட்டில் அது முடியின் கனத்துக்குத்தான் இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளில் அதைக் கூட்டினால் ஒன்றரை சென்டிமீட்டர் வந்துவிடும். அதுதான் ‘லூஸ்’.

இதை வீட்டிலேயே அளக்கலாம். செயின் தகட்டில் 428, 520 என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். முதல் இலக்கம் ஒரு மூட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கங்கள் அகலத்துக்கானவை. 428 செயினில் முதல் தண்டின் மையத்தில் இருந்து 21-ஆவது தண்டின் மையம் வரை இழுத்துப் பிடித்து அளந்தால், புதிதாக இருக்கும்போது 254 மில்லிமீட்டர். அது 256.5-ஐத் தாண்டினால் 1 சதவீதம் தேய்ந்துவிட்டது, மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான வரம்பு அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும்.

தேய்ந்துபோன செயினை டைட் செய்தால் தேய்மானம் திரும்பி வராது. தொங்குவது மறையும், அவ்வளவுதான். அதிலும் அளவுக்கு மேல் டைட் செய்தால்தான் உண்மையான சேதம் தொடங்குகிறது. வண்டியில் ஆள் ஏறி உட்காரும்போது பின் சக்கரம் மேலே வரும். முன் பல்சக்கரம், சுவிங் ஆர்ம் மாட்டியிருக்கும் போல்ட், பின் சக்கர ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது, முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் உள்ள தூரம் அதிகபட்சமாக இருக்கும். செயின் மிக இறுக்கமாக இருப்பது அந்தக் கணத்தில்தான். ஸ்டாண்டில் நிற்கும்போதே கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும் செயின், பின்னால் மனைவி, முன்னால் குழந்தை, கையில் காய்கறிப் பை என்று ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது எங்கே போகும்? கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கை இழுக்கும், பின் சக்கர பேரிங்கை இழுக்கும், தன்னையே இழுத்துத் தேய்த்துக்கொள்ளும். செயின் மாற்றும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். கியர்பாக்ஸ் பேரிங் மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் செயின் கொஞ்சம் லூஸாகத்தான் இருக்க வேண்டும். கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் பல சாதாரண பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும்; சில வண்டிகளில் இன்னும் அதிகம். சுவிங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே பல கம்பெனிகள் இதை அச்சடித்திருக்கின்றன. சென்டர் ஸ்டாண்டில் அளப்பதா, சைடு ஸ்டாண்டில் அளப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கிடம், "சுத்திப் பாத்துட்டு வைங்கண்ணா" என்று சொல்வதில் தப்பே இல்லை.

விரல் போகும் வேலை

சுத்தம் செய்வதில் முதல் விதி, இன்ஜின் ஆஃப். பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் இன்ஜினை ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. துணி ஒரு பல்லில் மாட்டினால் கையை உருவ நேரம் கிடைக்காது. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போன விரல் முழுசாகத் திரும்புவது அரிது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே முழு வேலையையும் முடிக்கலாம். பத்து நிமிடம் கூட ஆகும், ஆகட்டும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் பின் சக்கரத்தைத் தூக்கும் பேடக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ துணியில் நனைத்துத் துடைத்து, நரம்பு பிரஷால் தேய்த்து, காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் லூப் ஸ்பிரேயையோ உள்பக்கமாக விட்டால் போதும். கொஞ்சம் ஓட்டி வந்தபின், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டால் எண்ணெய் நன்றாக இறங்கும். மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வழிய வழிய விட்டால் அது டயரிலும் பேன்ட்டிலும்தான் போய்ச் சேரும். வண்டியில் இருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை விடுவது வேண்டாம். அதில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். கிரீஸை அப்புவதும் வேண்டாம். அது மூட்டுக்குள் இறங்காது, வெளியே நின்று ரோட்டுப் புழுதியைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் வேண்டிய கிரீஸை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பெட்ரோல், இரும்பு பிரஷ், வாட்டர் சர்வீஸில் நேருக்கு நேர் அடிக்கும் பிரஷர் தண்ணீர் மூன்றும் அந்த ரப்பருக்கு எமன். உள்ளே இருக்கும் கிரீஸ் ஒருமுறை போய்விட்டால் மறுபடி நிரப்ப முடியாது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் எந்தச் செயினாக இருந்தாலும் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

பாதி மிச்சம், முழு நஷ்டம்

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் செயின் ஒருநாள் முடியத்தான் போகிறது. பின் பல்சக்கரத்தின் கடைசி விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிகிறது, பற்கள் கொக்கி மாதிரி ஒருபக்கம் சாய்ந்து கூராகிவிட்டன, அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது, ஓர் இடத்தில் இறுக்கமும் அடுத்த இடத்தில் தொங்கலுமாக இருக்கிறது என்றால் அதற்குமேல் டைட் செய்வதில் அர்த்தமில்லை.

இங்கேதான் சிக்கனம் என்ற பெயரில் காசு போகிறது. "பல்லு நல்லாதான் இருக்கு, செயின் மட்டும் போட்டா போதும்" என்பது ஒன்று. தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. அந்தப் பல் சீக்கிரமே அதையும் தேய்த்துவிடும். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் இருந்தால், பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்றுகிறது. மூடிக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் குட்டிச் சக்கரம்தான் முதலில் போகும். அதைக் கழற்றிப் பார்க்காமலே ‘நல்லாதான் இருக்கு’ என்பவர்களும் உண்டு. அதனால்தான் கடைகளில் மூன்றும் சேர்ந்து ‘செயின் செட்’ என்று வருகிறது. 100 சிசி வண்டிக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும் இந்த செலவு, ஓ-ரிங் செயின் போட்ட பெரிய வண்டிகளுக்குப் பல ஆயிரம் ஆகும். கோவையின் எல்.ஜி.பி. தயாரிக்கும் ரோலான், சென்னையின் டி.ஐ.டி.சி. தயாரிக்கும் டயமண்ட் என்று பெயர்பெற்ற செயின்கள் நம் ஊரிலேயே உருவாகின்றன. பெயர் தெரியாத மலிவு செட்டைத் தேடி ஓட வேண்டிய அவசியம் இங்கே இல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். அட்ஜஸ்டரில் இடம் தீர்ந்ததும் செயினில் ஒரு கண்ணியை வெட்டி எடுத்து, திரும்ப மாட்டிக் கொடுப்பது. அட்ஜஸ்டர் மறுபடி முதல் கோட்டுக்குப் போய்விடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். ஆனால், அந்த எல்லைக்கோடு இருப்பதே ‘இந்தச் செயின் முடிந்துவிட்டது’ என்று சொல்லத்தான். அதற்குப் பிறகும் ஓட்டினால் அறுவதற்கு நாள் குறித்துக் கொடுத்த மாதிரி.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயங்கள் சில. செயின் லாக்கில் இருக்கும் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். ரிவிட் அடித்து வந்த செயினுக்குப் பதிலாக கிளிப் லாக் போடுவது பெரிய வண்டிகளில் வேண்டாம். சுவிங் ஆர்மின் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும்; இல்லையென்றால் சக்கரம் கோணிக்கொண்டு ஓடி, புதுப் பல்லை ஒருபக்கமாகத் தின்றுவிடும். சக்கரம் கழன்றிருக்கும்போதே கப்ளிங் ரப்பரையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லலாம். கியர் மாற்றும்போது வரும் ‘டக் டக்’ பல நேரம் அதனால்தான். ஆக்சில் நட்டைக் கடைசியாக முறுக்கிய பிறகு தொங்கலை இன்னொரு முறை அளக்க வேண்டும். முறுக்கும்போதே அது மாறிவிடும்.

புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் இடம்கொடுக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை தொங்கலைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் சரிசெய்தால் போதும். செட்டை மாற்றிய தேதியையும் அப்போதைய கிலோமீட்டரையும் போனில் குறித்து வைத்தால், அடுத்த 500 எப்போது வருகிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.