சிபாய்க் கலகம்

1857-ல் நம் சிப்பாய்கள் கலகம் செய்ததற்கு ஒரு காரணம், தோட்டாவில் தடவிய கொழுப்பு. பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி. போன டிசம்பரில் கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில் ஒரு சிபாய்க் கலகத்தில் அடியேனே மாட்டிக்கொண்டேன். இதுவும் கொழுப்பு விவகாரம்தான் சார்!

இந்த 'சிபாய்' ஆள் இல்லை, பண்டம். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல். பெரிய இரும்புச் சட்டியில் இறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஓர் அடுக்கு. அதன் மேல் போர்வை மாதிரி மைதா மாவு. மறுபடி இறைச்சி, மறுபடி மாவு... ஹவுஸிங் போர்டு ஃபிளாட் மாதிரி மாடி மேல் மாடி. ஆறேழு மணி நேரம் அவனில் இளஞ்சூட்டில் வேகும். ஆங்கிலேயர்களின் 'ஸீ பை'தான் பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து சிபாய் ஆயிற்று என்கிறார்கள். 1796-ல் அமெரிக்காவில் வெளியான அமீலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்திலேயே ஸீ பை இருக்கிறது. ஆக, சீனியர்.

அக்கா வீடு மாடியில். கீழே வீட்டுக்காரப் பெரியவர். 78 வயது. செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையில் ரிமூஸ்கி பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஜூலையில்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவர் மனைவி, "இந்த வருஷம் சிபாய் கிடையாது" என்று ஆர்டர் போட்டுவிட்டார். பெரியவர் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. டி.வி.யோடு கூடப் பேசவில்லை.

"எழுபது வருஷமா மூணு தட்டு சாப்பிட்டவர். எனக்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கும் இவர் வேணுமே" என்று அந்த அம்மாள் அக்காவிடம் கண் கலங்கினாராம். அக்கா என்னைப் பார்த்தாள்.

"டேய், நீ பி.காம்.தானே? கணக்குப் போட்டு, கொழுப்பைக் குறைச்சு ஒண்ணு பண்ணிக் கொடேன்."

பி.காமுக்கும் பன்றிக் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மாசமாக ஓசிச் சாப்பாடு. கேள்வி கேட்கும் நிலையில் நான் இல்லை.

முதல் முயற்சியில் சிக்கன நடவடிக்கையை முழு மூச்சில் அமல்படுத்தினேன். மாவு கட். உப்பு கட். பன்றி கட். தோல் நீக்கிய கோழி நெஞ்சு, காய்கறி, தண்ணீர். பனி உறைந்த வெளிப்புற இரும்புப் படியில் உயிரைப் பணயம் வைத்துக் கீழே கொண்டுபோனேன். பெரியவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலேயே இதைவிட நல்லா இருந்தது."

அதுதான் இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

பிறகு அவர் மனைவி காபி கொடுத்துக் கதை சொன்னார். பெரியவரின் அப்பா மரம் வெட்டும் தொழிலாளி. குளிர்காலம் பூரா காட்டு முகாமில் கோடரியும் ரம்பமுமாக உழைப்பு. கிறிஸ்துமஸுக்கு வீடு வந்தால் கண்ணி வைத்துக் காட்டு முயல் பிடிப்பார். சிபாய்க்கு அந்த முயல்தான். முயலில் கொழுப்பே இருக்காது. கறி வறண்டுவிடக்கூடாதே என்றுதான் கொஞ்சம் உப்புப் பன்றி சேர்ப்பது. பிற்பாடு பட்டணம் வந்தார்கள். முயல் போய், கொழுப்பு மின்னும் கடைப் பன்றியும் மாடும் வந்தன. உப்புப் பன்றி மட்டும் ரிடையர் ஆகவே இல்லை! ஒரே வேலைக்கு இரண்டு பேர் சம்பளம்.

அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்தது. பண்டத்தின் மேல் தப்பே இல்லை. அந்த மனுஷன் நாள் பூரா மரம் வெட்டினார், தின்றதெல்லாம் செலவாயிற்று. மகன் முப்பது வருஷம் ஆபீஸ் நாற்காலியில். வரவுப் பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. செலவுப் பக்கத்தைக் காணோம். (நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் தாங்களும் கொஞ்சம் நெளியலாம்.)

இரண்டாவது பட்ஜெட் தயார். கடை முயல், தோல் நீக்கிய வான்கோழி, கொழுப்பு சீவிய பன்றி இடுப்புக் கறி. துண்டு போட்டு, வெங்காயத்தோடு இரவு பூரா ஃபிரிட்ஜில் ஊறல். உப்புப் பன்றிக்குக் கட்டாய ஓய்வு. எலும்பு சூப்பை முதல் நாளே வைத்துக் குளிரவிட்டால், கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டு மாதிரி உறைகிறது. அப்படியே தூக்கி எறியலாம். உருளைக்கிழங்கில் பாதிக்குப் பதில் கேரட், காளான், ருடபாகா என்ற மஞ்சள் கிழங்கு. உள் மாவு அடுக்கு இரண்டும் ரத்து. மேல் மூடி மட்டும். அதிலும் பாதி அக்காவின் சப்பாத்தி மாவு. அந்த இரண்டு அடுக்கில் 200 கிராம் பன்றிக் கொழுப்பு மிச்சம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 1,800 கலோரி லாபம்!

உப்பு? ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே கைப்பிடியைக் கிள்ளாக்கி, கிராம்பு, பட்டை, மிளகு, சாரியெட் என்று அவர்கள் சொல்லும் வாசனை இலை, இவற்றைத் தாராளமாகப் போட்டேன். மூடியின் நடுவே ஓட்டை வழியாக சூப்பை ஊற்றி, கொதி வந்ததும் 120 டிகிரிக்கு இறக்கி, ஆறு மணி நேரம். கீழ்வீடு வரை வாசனை இறங்கிவிட்டது. பெரியவர் தானாக வந்து மாடிப்படியடியில் நின்றாராம்.

டிசம்பர் 24 நள்ளிரவுப் பூசை முடிந்து விருந்து. பெரியவர் ஸ்பூனால் உள்ளே துழாவினார். "நடு மாவு எங்கே?"

"ஆட்குறைப்பு" என்றேன்.

அவர் மனைவி மூச்சு விடவில்லை. பெரியவர் ஒரு துண்டு முயலைக் கண்ணை மூடி மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"அம்மா சிபாய் இல்லை இது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா, அப்பா முயல் இருக்கு."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டில் பாதியை முட்டைக்கோஸ் சாலட்டால் நிரப்பினார். மூன்று தட்டு ஆசாமி ஒரு தட்டோடு எழுந்தார். ஆனால் எழுந்த வேகத்தில், "செலவுப் பக்கமும் எழுதறேன்" என்று பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்தாரே பார்க்கணும்! இதய நோயாளி பனி அள்ளினால் ஆபத்து. அம்மாளும் அக்காவும் சேர்ந்து பிடுங்கினார்கள்.

டாக்டர் சொன்னது தினம் அரை மணி நடை. அதை ஆகஸ்டோடு நிறுத்தியிருந்தார்.

மறுநாள் வெயில் வந்த மதியத்தில் மாடிக் கதவு தட்டப்பட்டது. கம்பளித் தொப்பி, பூட்ஸ் சகிதம் பெரியவர்.

"வா, நடக்கலாம்."

"நான் எதுக்கு? ஸ்டென்ட் உங்களுக்குத்தானே!"

"ராத்திரி மூணு தட்டு சாப்பிட்டது யாரு? நான் எண்ணினேன்."