நரைமுடி எதற்கு?

கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்கு இன்குலாபின் ‘ஔவை’ நாடகத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்திருந்தோம். ஔவையாக நடிக்கவிருந்த மாணவியின் அம்மா பாம்பன் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவர்.

“ஔவையாருன்னா கெழவிதான டீச்சர்? அப்ப நடிக்கட்டும்.”

இந்த நாடகத்தில் இளம்பெண், பாடித் திரிகிற பாண்மகள் என்றேன். முகம் மாறிவிட்டது. “அப்ப வேணாம் டீச்சர். நாளைக்கு மாப்புள வீட்ல கேப்பாக.”

உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் சுலபமான வழி சொன்னார்: “ஒரு வெள்ளை விக் வெச்சுட்டா முடிஞ்சு போச்சே!” அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த விக் சும்மா வந்ததல்ல. 1953-இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கல்யாணத்திலிருந்து தப்ப அந்தப் பெண் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்கிறாள். 1968-இல் மெரினாவில் வைத்த சிலையும் கிழவிதான். பெண் ஊர் ஊராகப் போகலாம், அரசனை எதிர்த்துப் பேசலாம், தூதும் போகலாம். ஆனால் முதலில் உடம்பை ஒப்படைத்துவிட வேண்டும்.

சங்க ஔவை பாடியவையாக 59 பாடல்கள் கிடைக்கின்றன. ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். இருவரையும் ஒரே கம்பில் சாய்த்து நிறுத்தியது நம் சோம்பேறித்தனம். புறநானூறு 89-இல் பகையரசன் பேசுவது மையுண்ட கண்ணும் ஒளி நெற்றியும் கொண்ட விறலியிடம். அந்த விறலி ஔவையேதானா என்று வாதிடலாம், சரி. அந்த 59-இல் கூன் விழுந்த கிழவி எங்கே இருக்கிறாள், காட்டுங்கள். 92-ஆம் பாட்டில் தன் சொல்லைக் குழந்தையின் மழலைக்கும் அதியமானின் அருளைத் தந்தையின் அன்புக்கும் ஒப்பிடுகிறாள். அதே அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது, மூட்டையைக் கட்டிவிட்டேன், எத்திசை போனாலும் சோறு கிடைக்கும் என்று வாயிற்காவலனிடம் சொல்கிறாள். அவன் செத்தபோது, சேர்ந்து குடித்த கள்ளை நினைத்து அழுகிறாள்.

இது என்ன உறவு? ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கேட்கிறார்கள். “காதலா மிஸ்?” அப்பன், அண்ணன், புருஷன், மகன் என்று நான்கு பெயர்தான் நம் வீடுகளுக்குத் தெரியும். இந்த நான்கிலும் அடங்காத ஒன்றைக் கண்டதும் கலவரப்பட்டுத்தான் அவள் தலையில் நரையைக் கொட்டினார்கள். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் எழுதி, 1998-இல் அ. மங்கை மேடையேற்றிய இந்த நாடகம் அந்த நரையைக் களைந்தது. எங்கள் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. தமிழ் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கே அந்தப் பாடல்களைத் திரும்ப எடுத்துப் படிக்க வைத்தது ஒரு நாடகம்.

எனக்கும் இதில் பங்கிருக்கிறது. காதோரம் நரை தெரியத் தொடங்கியதும் சாயம் போடுவதை விட்டேன். அதற்குப் பிறகு கவியரங்கம் முடிந்து சேது எக்ஸ்பிரஸில் தனியாக ஏறினால், “கூட யாரு வந்திருக்கா?” என்று ஒருவரும் கேட்பதில்லை. வசதியாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் கிடைக்காததை இப்போது தருகிறார்களே என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் சொன்ன பயம் நிஜம். ஆனால் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கத் தொடங்கியபோது அவருக்கு இவள் வயதுகூட இருந்திருக்காது. அன்று யாரும் நரைக்கும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குக் காசு வருகிற இடத்தில் குமரிப் பெண்ணின் உடம்பு குற்றமில்லை. பாட்டுப் பாடி நாலு பேர் முன் நிற்கும்போதுதான் குற்றம்.

மாணவி ஒத்திகைக்கு மட்டும் விடாமல் வந்தாள். வசனம் முழுக்க மனப்பாடம். விழாவன்று வேறொருத்தி ஔவையாக நின்றாள். இவள் திரைக்குப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுத்தாள். விக் பெட்டியிலேயே கிடந்தது.